நானூறு ஆண்டுகள் வாழ்ந்த பாடப் புத்தகம்!

அண்ணன் படித்த புத்தகத்தை மறு ஆண்டு தம்பி படிப்பான். தம்பி படித்ததைத் தங்கை படிப்பாள். அதற்குள் பாடத் திட்டம் மாறிவிடும். புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

ஒரு பாடப் புத்தகத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

ஆனால், ஒரே பாடப் புத்தகத்தை மகன் படித்தான், பேரன் படித்தான், பேரனுடைய பேரனும் படித்தான் என்றால் நம்ப முடிகிறதா? ஏறக்குறைய நானூறு ஆண்டுகள்! பதினைந்து தலைமுறைகளுக்கு மேல்!

அப்படி ஒரு புத்தகம் இருந்தது. அது வானத்தைப் பற்றிய புத்தகம். அதன் பெயர் "கோளம்". லத்தீன் மொழியில் "ஸ்பேரா" என்பார்கள்.

அதைப் படித்த மாணவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். அதற்கு உரை எழுதிய ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். இன்னொருவர், உலகம் முழுவதும் இன்று பயன்படுத்தும் காலண்டரை உருவாக்க உதவினார். கடைசியில், அந்தப் புத்தகத்தைப் பாடம் நடத்திய ஒரு பேராசிரியரே அதற்கு முடிவும் கட்டினார்!

மூன்று நாடுகள் உரிமை கொண்டாடின

புத்தகத்தை எழுதியவர் பெயர் ஜான். "சாக்ரோபோஸ்கோ ஊர் ஜான்" என்று அவரை அழைத்தார்கள். நாளடைவில் ஊர்ப் பெயரே அவருடைய பெயராக நிலைத்துவிட்டது.

லத்தீன் மொழியில் சாக்ரோபோஸ்கோ என்றால் "புனித வனம்" என்று பொருள்.

அந்தப் புனித வனம் எங்கே இருக்கிறது? அங்கேதான் தகராறு. "அது எங்கள் ஹாலிபாக்ஸ்" என்றது இங்கிலாந்து. "இல்லை, எங்கள் ஊர்" என்றது ஸ்காட்லாந்து. "எங்கள் நாட்டில் ஹோலிவுட் என்ற பெயரிலேயே ஊர் இருக்கிறதே!" என்றது அயர்லாந்து. (சினிமா எடுக்கும் ஹாலிவுட் வேறு!) வழக்கு இன்று வரை தீரவில்லை.

பிறந்த ஊர் எதுவானால் என்ன? பெருமை தேடித் தந்த ஊர் பாரீஸ். அங்கே பல்கலைக் கழகத்தில் அவர் ஆசிரியராக இருந்தார். கணிதமும் வான நூலும் கற்பித்தார். அங்கேயே காலமானார். செயின்ட் மாத்துரின் என்ற மடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவியின் படத்தைச் செதுக்கினார்கள். ஆசிரியருக்கு ஏற்ற மரியாதை!

யானையை மடியில் வைத்தால்?

அவர் புத்தகம் எழுதியது 1230-ம் ஆண்டை ஒட்டி. அப்பொழுது ஐரோப்பாவில் பல்கலைக் கழகங்கள் புதியவை. வான நூலும் எல்லோரும் கற்க வேண்டிய பாடங்களில் ஒன்று.

ஆனால் எதைப் படிப்பது?

கிரேக்க அறிஞர் டாலமி, கி. பி. 2-ம் நூற்றாண்டில் ஒரு மாபெரும் வான நூல் எழுதியிருந்தார். அதில் 13 பகுதிகள். அரபியர்கள் அதைப் போற்றிப் பாதுகாத்தார்கள். "அல்மஜெஸ்ட்" என்று அரபிப் பெயரே அதற்கு நிலைத்தது. அரபியிலிருந்து லத்தீனுக்கு வந்தது 12-ம் நூற்றாண்டில்தான்.

அதைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கணக்கு, கோணம், அட்டவணை! பதினைந்து வயதுப் பையன் கையில் அதைக் கொடுப்பது, யானையைத் தூக்கி மடியில் வைப்பது போல.

சாக்ரோபோஸ்கோ யோசித்தார். டாலமி சொன்னதையும், அரபு வான நூல் அறிஞர் அல்பர்கானி சொன்னதையும் எடுத்துக்கொண்டார். கடினமான கணக்குகளைத் தள்ளினார். முக்கியமானதை மட்டும் எளிய நடையில் எழுதினார். இடையிடையே பழைய லத்தீன் கவிஞர்களின் அடிகளையும் சேர்த்தார். நான்கே அத்தியாயங்கள். மெல்லிய புத்தகம்.

முதல் அத்தியாயம், உலகம் எப்படி அமைந்திருக்கிறது என்பது. இரண்டாவது, வானத்தில் நாம் கற்பனையாக வரையும் வட்டங்கள். மூன்றாவது, நட்சத்திரங்கள் உதிப்பதும் மறைவதும், பகல் நீளுவதும் குறைவதும். நான்காவது, கிரகங்களும் கிரகணங்களும்.

பூமி தட்டையா?

"அந்தக் காலத்தில் எல்லோரும் பூமி தட்டை என்று நம்பினார்கள். கொலம்பஸ்தான் உருண்டை என்று காட்டினார்." இப்படிப் பலரும் சொல்வதுண்டு.

இது வெறும் கதை!

கொலம்பஸ் கப்பல் ஏறியது 1492-ல். அதற்கு 260 ஆண்டுகள் முன்பே, சாக்ரோபோஸ்கோவின் முதல் அத்தியாயத்திலேயே பூமி உருண்டை என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. கொலம்பசோடு மற்றவர்கள் வாதாடியது, பூமி எவ்வளவு பெரியது என்பதைப் பற்றித்தான். தட்டைப் பூமிக் கதை பரவியதற்கு முக்கிய காரணம், வாஷிங்டன் இர்விங் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1828-ல் எழுதிய கொலம்பஸ் வரலாறு!

சாக்ரோபோஸ்கோ "நம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. காரணங்களை அடுக்கினார்.

காரணம் ஒன்று: சந்திர கிரகணம். பூமியின் நிழல் சந்திரன்மீது விழுவது ஒரே நேரத்தில்தான். ஆனால், ஓர் ஊரில் அது இரவின் முதல் மணியில் தெரிந்தால், கிழக்கே வெகு தூரத்தில் உள்ளவர்களுக்கு மூன்றாம் மணியில் தெரிகிறது. ஏன்? கிழக்கே இருப்பவர்களுக்கு இரவு முன்னாலேயே வந்துவிட்டது! பூமி தட்டையாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அல்லவா பொழுது சாய வேண்டும்?

காரணம் இரண்டு: நட்சத்திரங்கள். வடக்கே இருப்பவர்களுக்கு, துருவத்தை ஒட்டிய நட்சத்திரங்கள் மறைவதே இல்லை. தெற்கே போகப் போக, அவை தாழ்கின்றன. மேலும் போனால் அவையும் மறைந்து எழுகின்றன. புதிய நட்சத்திரங்கள் தெற்கே தலை காட்டுகின்றன. வளைந்த தரையில் நடந்தால்தான் இப்படி நடக்கும்.

காரணம் மூன்று: கப்பல். கரையில் ஓர் அடையாளத்தை நட்டு வையுங்கள். கப்பலை நடுக்கடலுக்குச் செலுத்துங்கள். பாய்மரத்தின் அடியில் நிற்பவன் கண்ணுக்கு அடையாளம் மறைந்துவிடும். ஆனால், அதே பாய்மரத்தின் உச்சியில் ஏறியவனுக்கு அது தெரியும்! அடியில் நிற்பவன்தான் அடையாளத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறான். அவன் பார்வையை மறைப்பது எது? கடல் நீரின் புடைப்பு!

பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் காரணங்கள் இவை. எண்ணூறு ஆண்டுகள் ஆகியும் பழுது படவில்லை.

700-ஐ 360-ஆல் பெருக்குங்கள்

"உருண்டை சரி, அதன் சுற்றளவு என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டால்? அதற்கும் வழி சொல்லியிருந்தார்.

தெளிவான இரவில், கருவியால் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்துகொள். பிறகு நேராக வடக்கே நட. நட்சத்திரம் ஒரு பாகை உயரும் வரையில் நட. நடந்த தூரத்தை அள. அது 700 "ஸ்டேடியம்" இருக்கும். (ஸ்டேடியம் என்பது கிரேக்கரின் தூர அளவு.) ஒரு வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே 700-ஐ 360-ஆல் பெருக்கு. விடை: 2,52,000 ஸ்டேடியம். இதுதான் பூமியின் சுற்றளவு!

இந்த எண், கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் வாழ்ந்த எரடோஸ்தனீஸ் என்ற அறிஞரின் கணக்கிலிருந்து வந்தது. ஒரு கருவி, ஒரு நட்சத்திரம், இரண்டு கால்கள். இவற்றைக் கொண்டு முழு உலகையும் அளந்துவிடலாம் என்று அறிந்தபோது, அந்தக் கால மாணவனுக்கு மெய் சிலிர்த்திருக்காதா?

புத்தகத்தில் இருந்த பெரும் பிழை

இவ்வளவும் சொன்ன புத்தகத்தில் ஒரு பெரும் பிழையும் இருந்தது.

பூமி அசையாமல் நடுவில் இருக்கிறது என்றது அது. பூமியைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோளங்கள். வெங்காயத்தின் தோல்களைப் போல! முதல் தோலில் சந்திரன். அடுத்து புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், வியாழன், சனி. எட்டாவதில் நட்சத்திரங்கள். ஒன்பதாவது கோளம், எல்லாவற்றையும் நாளுக்கு ஒரு முறை சுழற்றுகிறது!

சாக்ரோபோஸ்கோ மட்டும் செய்த பிழை அல்ல இது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அறிஞர்கள் அனைவரும் ஒப்புக்கொண்ட கருத்து.

உயிரோடு எரித்தார்கள்!

புத்தகம் சிறியது அல்லவா? ஆகவே, ஆசிரியர்கள் அதை வகுப்பில் விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதை எழுதி வைத்தார்கள். திருக்குறளுக்குப் பலர் உரை கண்டது போல, "கோளம்" நூலுக்கும் உரைகள் பெருகின.

அப்படி உரை எழுதியவர்களில் ஒருவர், செக்கோ. இத்தாலியில் அஸ்கோலி என்ற ஊர்ப் பெயரால் அறியப்பட்டவர். பொலோனா பல்கலைக் கழகத்தில் ஆசிரியர்.

செக்கோவுக்கு ஜோதிடத்தில் அளவு கடந்த பற்று. சாக்ரோபோஸ்கோ எழுதாத விஷயங்களை எல்லாம் உரையில் சேர்த்தார். மேல் கோளங்களில் ஆவிகள் வசிக்கின்றன என்றும், அவற்றை மந்திரத்தால் ஏவலாம் என்றும் எழுதியதாக அவர்மேல் குற்றம் சாட்டினார்கள்.

1324-ல் மத விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. அவருடைய ஆசிரியர் பதவி பறிக்கப்பட்டது. செக்கோ பிளாரன்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கும் வினை தொடர்ந்தது. மறுபடி விசாரணை, மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பு.

1327-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, செக்கோவை உயிரோடு எரித்துவிட்டார்கள். அவருடைய நூல்களையும் எரிக்கும்படி உத்தரவு பிறந்தது.

ஆனால் மூல நூலான "கோளம்" தடை செய்யப்படவில்லை. மற்ற வகுப்பறைகளில் பாடம் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது.

அச்சு இயந்திரம் வந்தது

அதுவரை புத்தகத்தைக் கையால்தான் பார்த்து எழுதினார்கள். 15-ம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் கூட்டன்பர்க் அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1472-ல் இத்தாலியில் பெராரா நகரில் "கோளம்" அச்சேறியது. அச்சான முதல் வான நூல்களில் அதுவும் ஒன்று.

பிறகு கேட்க வேண்டுமா? பதிப்புக்கு மேல் பதிப்பு! மொத்தம் 200-க்கும் மேல்! வெனிஸ் நகரில் 1485-ல் வந்த பதிப்பில் கிரகணப் படங்களை வண்ணத்திலேயே அச்சிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் வந்த சில பதிப்புகளில், வட்டமாக வெட்டிய காகிதங்களை நூலால் கோத்துப் பக்கத்திலேயே பொருத்தினார்கள். விரலால் சுழற்றினால், "வானம்" சுழலும்!

கடலோடிகளுக்கும் புத்தகம் தேவைப்பட்டது. நட்சத்திரத்தைப் பார்த்துத் திசையும் இடமும் அறிய வேண்டுமே! போர்ச்சுகல் நாட்டுக் கணித மேதை பெட்ரோ நூனெஸ், 1537-ல் அதைத் தம் தாய்மொழியில் பெயர்த்து வெளியிட்டார். ஜெர்மன், எபிரேயம் முதலிய மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது.

அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறிஸ்தவ சமயம் இரண்டாகப் பிளந்தது. கத்தோலிக்கர் ஒரு பக்கம். புராட்டஸ்டண்டுகள் மறு பக்கம். போர்களே மூண்டன. ஆனால், மார்ட்டின் லூதரின் வலக்கை போல இருந்த மெலாங்தன், 1531-ல் விட்டன்பர்க் நகரில் "கோளம்" நூலுக்கு முகவுரை எழுதினார். 1570-ல் ரோமாபுரியில் கத்தோலிக்கப் பாதிரியார் கிளேவியஸ் அதே நூலுக்கு உரை எழுதினார். பூமியில் சண்டை போட்டவர்களுக்கு வானத்தில் பாடம் ஒன்றாகவே இருந்தது!

காணாமற் போன பத்து நாள்

சாக்ரோபோஸ்கோ எழுதிய இன்னொரு நூல், காலக் கணக்கைப் பற்றியது. அதில் ஒரு துணிச்சலான செய்தி இருந்தது. "நம் காலண்டர் தவறு!" என்பதுதான் அது.

ஜூலியஸ் சீசர் கி. மு. 45-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த காலண்டரில், ஆண்டுக்கு 365¼ நாள். உண்மையில் ஓர் ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? சிறு துளி பெருவெள்ளம்! 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாள் ஆகிவிடும். ஆயிரம் ஆண்டில் ஒரு வாரத்துக்கு மேல்!

பத்து நாள் பிசகிவிட்டது என்றார் சாக்ரோபோஸ்கோ. 288 ஆண்டுகளுக்கு ஒரு நாளை விட்டுவிடலாம் என்று யோசனையும் சொன்னார். அவர் சொன்ன எண் சரியல்ல. ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். யாரும் உடனே மருந்து கொடுக்கவில்லை.

350 ஆண்டுகள் கழிந்தன. 1582-ல் போப் 13-ம் கிரகோரி காலண்டரைத் திருத்தினார். திட்டத்தை வகுத்தவர் லூயிஜி லிலியோ என்ற இத்தாலியர். அதை ஆராய்ந்து, விளக்கி, எதிர்த்தவர்களுக்கு எல்லாம் பதில் சொன்னவர் யார் தெரியுமா? "கோளம்" நூலுக்கு உரை எழுதிய அதே கிளேவியஸ்!

அந்த ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள், மறுநாள் காலையில் எழுந்தபோது அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை! பத்து நாள் மாயமாக மறைந்தது. இங்கிலாந்து அதை ஏற்க 1752 வரை தாமதித்தது. நம் வீட்டுச் சுவரில் தினமும் கிழிக்கிறோமே, அந்தக் காலண்டரில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆங்கிலத் தேதி இந்தக் கணக்குத்தான்.

இந்தியாவின் பரிசு

சாக்ரோபோஸ்கோவின் மூன்றாவது நூலில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தக் காலத்து ஐரோப்பியர் ரோமானிய எழுத்துக்களால் எண்களை எழுதினார்கள். அவற்றை வைத்துக்கொண்டு பெருக்குவதும் வகுப்பதும் பெரும்பாடு! பலகையில் காய்களை வைத்து நகர்த்தித்தான் கணக்குப் போட்டார்கள்.

இந்தியாவில் பிறந்த பத்து எண் குறிகள், அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. அவற்றைக் கொண்டு கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது, வகுப்பது, வர்க்கமூலம் காண்பது ஆகியவற்றைச் சாக்ரோபோஸ்கோ ஒரு சிறு நூலில் விளக்கினார். பல்கலைக் கழகங்களில் இந்திய எண்கள் பரவ அந்த நூல் பெரிதும் உதவியது.

அதில் ஒரு வேடிக்கை. இந்தக் கணித முறையை "அல்குஸ்" என்ற அறிஞர் வகுத்தார் என்று எழுதினார் சாக்ரோபோஸ்கோ. அப்படி ஒருவர் இல்லவே இல்லை! இந்திய எண்களைப் பற்றி அரபியில் எழுதிய அல்குவாரிஸ்மி என்பவரின் பெயர்தான் வாய்க்கு வாய் சிதைந்து அப்படி ஆகிவிட்டது. இன்று கம்ப்யூட்டர் படிப்பவர்கள் சொல்லும் "அல்காரிதம்" என்ற சொல்லும் அதே பெயரிலிருந்து வந்ததுதான்.

ஒன்றுமில்லாததைக் குறிக்கும் பத்தாவது எண்ணுக்குச் சாக்ரோபோஸ்கோ எழுதிய பெயர்களில் ஒன்று "சிப்ரா". வடமொழியில் "சூனியம்" என்ற சொல்லை அரபியர் "சிப்ர்" என்று பெயர்த்தார்கள். அதுவே லத்தீனில் "சிப்ரா" ஆயிற்று. ஆங்கிலத்தில் "சைபர்" ஆயிற்று. "பரீட்சையில் சைபர் வாங்கினான்" என்று நாம் சொல்லும் சைபர், உலகம் சுற்றித் திரும்பி வந்த நம் வீட்டுப் பிள்ளை!

மாணவர்கள் மிஞ்சினார்கள்

போலந்து நாட்டில் கிராக்கோவ் பல்கலைக் கழகத்திலும் "கோளம்" பாடமாக இருந்தது. 1491-ல் அங்கே ஒரு மாணவர் சேர்ந்தார். அவர் பெயர் கோப்பர்நிக்கஸ். 1543-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். "நடுவில் இருப்பது சூரியன். பூமி அதைச் சுற்றுகிறது" என்றார்.

பழைய பாடம் உடனே சாய்ந்துவிடவில்லை. இத்தாலியில் பதுவா பல்கலைக் கழகத்தில் 1592-ல் ஒரு கணிதப் பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்களுக்குக் "கோளம்" பாடம் நடத்துவது அவருடைய கடமைகளில் ஒன்று. அவர்தான் கலிலியோ!

1609-ல் அவர் டெலஸ்கோப்பை வானத்தை நோக்கித் திருப்பினார். சந்திரனில் மலைகள் தெரிந்தன. வியாழனைச் சுற்றி நான்கு சந்திரர்கள் ஓடின. எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பாடம் அங்கேயே பொய்த்தது. 1610-ல் எல்லாவற்றையும் அச்சிட்டு வெளியிட்டார்.

ரோமாபுரியில் கிளேவியசுக்கு அப்போது வயது 70-க்கு மேல். வாழ்நாள் முழுவதும் பழைய முறையைக் கற்பித்தவர். அவருடைய உரை பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து மாபெரும் நூலாகியிருந்தது. முதலில் அவர் கலிலியோ சொன்னதை நம்பவில்லை. பிறகு, அவருடைய கல்லூரிப் பாதிரிமார் டெலஸ்கோப் வழியே பார்த்தார்கள். கண்டது உண்மை!

கிழவர் என்ன செய்தார்? மறைத்தாரா? இல்லை. "கோளம்" உரையின் கடைசிப் பதிப்பில் கலிலியோ கண்டவற்றைக் குறிப்பிட்டார். இவற்றுக்குப் பொருந்தும்படி கோளங்களை எப்படி அமைப்பது என்று வான நூல் அறிஞர்கள் யோசிக்க வேண்டும் என்று எழுதினார். 1612-ல் கண்ணை மூடினார்.

நாற்பது ஆண்டுகளாகத் தாம் கட்டிய மாளிகையில் விரிசல் விழுந்தது என்று தம் கையாலேயே எழுதிவிட்டுப் போவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

17-ம் நூற்றாண்டின் நடுவில் "கோளம்" அச்சாவது அநேகமாக நின்றுவிட்டது.

சந்திரனில் ஓர் இடம்

இன்று சந்திரனில் "சாக்ரோபோஸ்கோ" என்ற பெயரில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. அதன் அகலம் சுமார் 98 கிலோ மீட்டர். "கிளேவியஸ்" பள்ளமும் இருக்கிறது. அது 200 கிலோ மீட்டருக்கும் மேல். மூலத்தைவிட உரை பெரியதாக இருந்தது பூமியில் மட்டும் அல்ல, சந்திரனிலும் அப்படித்தான்!

பூமி நடுவில் இல்லை. ஒன்பது கோளங்களும் இல்லை. அப்படியானால் நானூறு ஆண்டுகளாக மாணவர்கள் படித்தது வீணா?

இல்லை. கிரகணத்தைக் கண்டு பயப்படாமல் காரணம் கேட்க அந்தப் புத்தகம் கற்றுக் கொடுத்தது. நட்சத்திரத்தை அளந்து உலகத்தைக் கணக்கிடச் சொன்னது. அப்படி அளக்கப் பழகிய மாணவர்கள்தான், ஒருநாள் அந்தப் புத்தகத்தையே அளந்து பார்த்தார்கள். பிழையைக் கண்டார்கள்.

தம்மை மிஞ்சும் மாணவனை உருவாக்குபவரே நல்ல ஆசிரியர் என்பார்கள். புத்தகத்துக்கும் அது பொருந்தும்.